பழைய ஃபிளாட்டை விற்கும் முன்: ஒன்றரை லட்சத்தை எங்கே போடுவது?

கேள்வி இது: மடிப்பாக்கத்தில் 2006-இல் கட்டிய ஃபிளாட். 850 சதுர அடி, இரண்டு படுக்கையறை, மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். விற்பதற்கு முன் ஒன்றரை லட்சம் வரை செலவழிக்கலாம் என்றிருக்கிறேன். சோஃபா செட், ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன் – எதைச் செய்தால் விலை ஏறும்?

மூன்றுமே ஏற்றாது. இந்த வயது ஃபிளாட்டின் விலையை முடிவு செய்பவை தெரு, பிரிபடாத நிலப் பங்கு (கட்டடம் நிற்கும் மனையில் உங்கள் ஃபிளாட்டுக்கு உரிய பங்கு), கார் நிறுத்த இடம், தண்ணீர் வசதி, பத்திரங்களின் சுத்தம். அக்கம்பக்கத்தில் கடைசியாக விற்ற வீடு சதுர அடி என்ன விலைக்குப் போனது என்பது வாங்க வருபவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் மதிப்பீட்டாளர் நிலப் பங்கையும் கட்டடத்தின் வயதையும் எழுதுவார்; சோஃபாவை எழுத மாட்டார்.

ஆனால் விலை இறங்க வழி நிறைய இருக்கிறது. ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றினால் நூறு, இருநூறில் முடிந்துவிடும். அதைப் பார்த்தவர் சொல்வது வேறு: ‘பிளம்பிங் எல்லாம் மாத்தணும் போலிருக்கே, ரெண்டு லட்சம் குறைச்சுக்கங்க.’ பேரம் எப்போதும் அழகைப் பற்றி நடப்பதில்லை, குறையைப் பற்றித்தான் நடக்கிறது. ஆகவே உங்கள் பணத்துக்கு ஒரே வேலை: வருபவர் விரல் நீட்டிக் காட்டக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாக இல்லாமல் செய்வது. அலங்காரம் அதற்குப் பிறகு, மிஞ்சிய காசில்.

தோராயமாக இப்படிப் பிரிக்கலாம். பெயின்ட் வேலைக்கு 62 ஆயிரம். இரண்டு பாத்ரூமுக்கும் பிளம்பிங்குக்கும் 25. சமையலறைக்கு 20. மின்சாரத்துக்கு 12. திரைச்சீலை, விளக்கு, சில்லறைச் சாமான் 10. கடைசியில் ஆள் வைத்துக் கழுவித் துடைக்க 6. மீதி 15 ஆயிரத்தைத் தொடாதீர்கள். பழைய கட்டடத்தில் சுவரைச் சுரண்டிப் பார்க்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கூலியும் பொருள் விலையும் ஏரியாவுக்கு ஏரியா மாறும். விகிதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

பெயின்டரைக் கூப்பிடும் முன் வீடு முழுக்க அண்ணாந்து பார்த்தபடி ஒரு சுற்று வாருங்கள். பாத்ரூம் கூரையில் மஞ்சள் வளையம், பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரின் அடியில் வெள்ளைப் பொடி, ஜன்னலுக்குக் கீழே உப்பிய பெயின்ட் – பெரும்பாலும் இந்த மூன்று இடங்கள்தான். பெயின்டரிடம் கேட்டால் ‘வாட்டர்ப்ரூஃப் கோட் ரெண்டு அடிச்சுட்டா சரியாயிடும்’ என்பார். ஆகாது. சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே வந்தே தீரும். வரும்போது சிமென்ட்டிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து பெயின்ட்டுக்குப் பின்னால் படிய வைக்கும். அந்த உப்புதான் பெயின்ட்டைத் தள்ளி உதிர்க்கிறது. முதல் ஆள் வீட்டைப் பார்த்ததிலிருந்து பத்திரப் பதிவு வரை, வங்கிக் கடன், வழக்கறிஞர் கருத்து என்று மாதக்கணக்கில் இழுக்கும். மூன்றாவது வாரம் சுவர் உப்பினால் அட்வான்ஸ் கொடுத்தவரே விலையைத் திரும்பப் பேச ஆரம்பிப்பார்.

சுவர் ஓதமா என்று சந்தேகம் இருந்தால் ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். சுவரைப் பார்த்த பக்கம் துளி நின்றால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறையைப் பார்த்த பக்கம் நின்றால் அது காற்றில் உள்ள ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

உங்கள் பாத்ரூம் கூரையில் கசிவு இருந்தால் காரணம் மேல் வீடு. அவர்களோடு சண்டை போடும் முன் எது கசிகிறது என்று கண்டுபிடித்துவிட்டுப் போங்கள், பேச்சு எளிதாகும். இரவும் பகலும் ஒரே சீராகச் சொட்டினால் தண்ணீர் வரும் குழாய்; மேல் வீட்டு பாத்ரூமுக்கான வால்வை ஒரு இரவு மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும். யாராவது குளித்த பிறகு மட்டும் சொட்டினால் கழிவு நீர் போகும் பக்கம்: தரை இடுக்கு, தரைத் தண்ணீர் இறங்கும் நஹானி ட்ராப்பின் விளிம்பு, அல்லது வாஷ்பேசின் பைப். ட்ராப்பைத் துணி வைத்து அடைத்து, தரையில் ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். சொட்டு அதிகமானால் தரைதான். ஆகவில்லையென்றால் வாஷ்பேசினில் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். மேல் வீட்டுத் தரை இடுக்குகளை அடைக்கும் செலவை நீங்களே ஏற்றுக்கொள்வது கௌரவக் குறைச்சல் மாதிரித் தோன்றும். ஆனால் விற்கப் போவது நீங்கள், அவசரம் உங்களுக்கு.

கசிவு நின்ற பிறகு கூரையைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வரும் இடமெல்லாம் பூச்சு விட்டிருக்கிறது, கொத்தி எடுக்கத்தான் வேண்டும். உள்ளே கம்பி துருப்பிடித்திருந்தால் கம்பியைச் சுற்றியுள்ள தளர்ந்த கான்கிரீட்டையும் எடுத்து, ஒயர் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். கொத்தனார் வெறும் சிமென்ட் பாலைத் தடவிப் பூசிவிட்டுப் போனால் ஒரு மழைக்காலம் தாங்குவதே கஷ்டம். துரு ஏறிய கம்பி பருத்துக்கொண்டே போய்ப் பூச்சைக் கீழே தள்ளும்.

சுவரில் பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்கள். பூச்சு கெட்டிருந்தால் ஈரம் தெரியும் எல்லைக்கு மேலும் ஒரு அடி உயரம் வரை கொத்திவிட்டு, ஒரு பங்கு சிமென்ட்டுக்கு நாலு பங்கு மணல் என்ற 1:4 கலவையில் பூசலாம். வாட்டர்ப்ரூஃப் திரவத்தை டப்பாவில் போட்டிருக்கும் அளவில் சேருங்கள். பெரும்பாலும் 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 200 மில்லி இருக்கும். ஏழு நாள் தண்ணீர் விட்டு, பிறகு ஃபேன் போட்டு மூன்று வாரமாவது காயவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் சென்னைச் சுவர் காயவே காயாது. தை பிறந்த பிறகு ஆரம்பித்தால் பாதி நாளில் முடியும்.

இன்னொன்று. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு, விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைகளைச் சொல்லிவிட வேண்டும் என்கிறது. கசிவின் மேல் பெயின்ட் அடித்து மறைப்பது வெறும் சாமர்த்தியக் கணக்கில் வராது. சரி செய்தீர்களா, என்ன செய்தீர்கள் என்று சொல்லி, பில்லையும் வேலைக்கு நடுவே எடுத்த நாலு போட்டோவையும் காட்டுங்கள். வாங்குபவர் நம்புவது அதைத்தான்.

இனி பெயின்ட். 850 சதுர அடி ஃபிளாட்டில் சுவருக்குச் சுவர் உள்ளளவு 650 அளவில் இருக்கும். அதை மூன்றரையால் பெருக்கினால் சுவரும் கூரையும் சேர்த்து ஏறக்குறைய 2,275 சதுர அடி. அதில் கூரை 650. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120 சதுர அடி என்று வைத்தால் சுவருக்கு 14 லிட்டர் எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் பெயின்ட்), கூரைக்கு ஆறு. பிரைமர் வீடு முழுக்க அடிப்பதானால் ஒரு கோட்டுக்கு 20 லிட்டர் வாளி ஒன்று. சுவரைச் சமன்படுத்தும் பட்டி 40 கிலோ மூட்டை ஒன்றே போதும், ஏனென்றால் முழுச் சுவருக்கும் பட்டி பார்க்க வேண்டாம். ஆணி ஓட்டை, வெடிப்பு, சுரண்டிய இடம் இவற்றுக்கு மட்டும். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்து, கூலி மட்டும் பேசுங்கள். பொருளோடு பேசினால் சுவரில் ஏறுவது எமல்ஷனா எமல்ஷன் கலந்த தண்ணீரா என்று யாராலும் சொல்ல முடியாது.

வாடகை வீடுகளில் நடக்கும் பெரிய தவறு, பழைய டிஸ்டம்பரின் (மலிவான, மாவு உதிரும் சுவர்ப் பூச்சு) மேலேயே எமல்ஷன் அடிப்பது. ஈரத் துணியால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். துணியில் சுண்ணாம்பு போல மாவு ஒட்டினால் அது டிஸ்டம்பர். அதன் மேல் எது அடித்தாலும் சில மாதங்களில் அப்பளம் போலப் பெயர்ந்து வரும். தகட்டால் சுரண்டி, தண்ணீர் தொட்டுக் கழுவி, காய்ந்ததும் 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பட்டி, 180 நம்பர் தாள், பிரைமர், இரண்டு கோட் என்ற வரிசையில் போக வேண்டும். மாவு ஒட்டாமல் பழைய எமல்ஷன் கெட்டியாக இருந்தால் லேசாகத் தேய்த்துத் தூசி தட்டி, பட்டி பார்த்த இடங்களுக்கு மட்டும் பிரைமர் அடித்தால் போதும். அங்கே பிரைமரை விட்டுவிட்டால் அந்தத் திட்டுகள் மட்டும் பெயின்ட்டை உறிஞ்சி, வெயில் படும்போது தேமல் மாதிரித் தெரியும். பெரிய ஓட்டைகளுக்கு ஒரே தடவையில் பட்டி அடைக்காதீர்கள்; காயும்போது அது சுருங்கிக் குழி விழும், மறுநாள் இரண்டாவது கை வேண்டும்.

சமையலறைச் சுவரையும் சாமி அலமாரியையும் பெயின்டர் கடைசியில்தான் பார்ப்பார். நீங்கள் முதலில் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் விளக்குக் கரியும் தண்ணீரில் கலக்கும் பெயின்ட்டைத் துளைத்துக்கொண்டு மறுபடி மஞ்சளாக வெளியே வரும். வாஷிங் சோடா கரைத்த வெந்நீரால் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் அந்த இடத்துக்கு மட்டும் ஆயில் பிரைமர் ஒரு கோட் அடித்துவிட்டு மேலே எமல்ஷன் போனால் நிற்கும்.

நிறம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. வீடு முழுக்க ஒரே இளநிறம், கூரை வெள்ளை. பாலாடை நிறமோ மிக மெல்லிய சாம்பலோ, எதுவானாலும் ஒன்றே. ஒரு அறையில் மிஞ்சியது அடுத்த அறைக்கு ஆகும், கண்ணுக்கு வீடு பெரிதாகத் தெரியும், பிறகு கறை பட்டால் திருத்துவதும் சுலபம். ஒரு லிட்டரை மூடி எடுத்து வையுங்கள். ஹாலில் ஒரு சுவருக்கு மட்டும் அடர் சிவப்பு, ஊதா என்று போகவே வேண்டாம். வருபவர் மனதுக்குள் அதை மறுபடி அடிக்கும் செலவைக் கூட்டிக்கொள்வார். பளபளப்பு வகையும் வேண்டாம். பழைய பூச்சு மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் பளபளப்பு அதையெல்லாம் காட்டிக்கொடுக்கும். மேட் பூச்சு மறைக்கும். சமையலறைக்கு மட்டும் துடைக்கக்கூடிய மெல்லிய பளபளப்பு போதும்.

ஜன்னல் கம்பிகளுக்கு ஒயர் பிரஷ், ரெட் ஆக்சைடு, எனாமல். வாசல் கதவில் மட்டும் கொஞ்சம் தாராளமாக இருங்கள். சாவி திருகும் அந்த அரை நிமிஷம் வருபவர் நிலையையும் கதவையும் தவிர வேறெதையும் பார்க்க முடியாது. தேக்குக் கதவென்றால் எனாமல் அடித்துக் கெடுக்காமல் தேய்த்து வார்னிஷ் அல்லது பாலிஷ் கொடுங்கள், பித்தளைக் கைப்பிடியைப் புளி போட்டுத் தேயுங்கள், தாழ்ப்பாளுக்கும் கீலுக்கும் எண்ணெய் விடுங்கள், காலிங் பெல் அடிக்கிறதா என்று பாருங்கள். நிலைப்படியில் வருஷக்கணக்கில் படிந்த மஞ்சள் குங்குமத்தையும் எண்ணெய்க் கறையையும் எடுத்துவிடலாம். புதிதாக வருபவர் தன் வழக்கப்படி வைத்துக்கொள்வார். உங்கள் மாடிப் படிக்கட்டுச் சுவர் அழுக்காக இருந்தால், சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மீதிப் பெயின்ட்டில் அதையும் முடித்துவிடுங்கள். வீட்டுக்கு வரும் வழியும் வீட்டில் சேர்த்திதான்.

பாத்ரூமை இடித்துப் புது டைல் ஒட்டுவது இந்த பட்ஜெட்டில் வராது, வரவும் வேண்டாம். டைல் பழசாக இருப்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. இடுக்குகள் கறுத்திருப்பதும், குழாயில் வெள்ளைச் சுண்ணாம்பு படிந்திருப்பதும், நாற்றமும்தான் முகம் சுளிக்க வைப்பவை. போர்வெல் தண்ணீர் உப்பு ஏறிய டைலுக்கு ‘ஆசிட் வாஷ்’ போடலாம் என்று ஆட்கள் சொல்வார்கள். ஆசிட் டைலுக்கு முன் இடுக்கில் உள்ள சிமென்ட்டைத்தான் தின்னும், குழாயின் குரோமையும் கறுக்க வைக்கும், மொசைக் தரையில் பட்டால் பாலிஷ் போயே போய்விடும். பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சு முட்டும், மூடிய பாத்ரூமில் உயிருக்கே ஆபத்து. குழாய்க்கு, சிட்ரிக் ஆசிட் தூள் இரண்டு தேக்கரண்டியை ஒரு டம்ளர் வெந்நீரில் கரைத்துத் துணியில் நனைத்துப் பத்து நிமிஷம் சுற்றி வைத்துக் கழுவினால் போதும்.

இடுக்குகளை அடைக்க, ரெசின் கலந்த எபாக்சி க்ரவுட். ஐந்துக்கு ஏழு அடி பாத்ரூம் தரைக்கு ஒரு கிலோ பாக்கெட் ஒன்று போதும். பழைய க்ரவுட்டை இரண்டு, மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுக்காமல் மேலே பூசினால் பிடிக்காது. நம் ஊரில் அந்தக் காலத்து டைல்களை இடைவெளியே விடாமல் ஒட்டியிருப்பார்கள். அங்கே மெல்லிய பிளேடு போட்ட கட்டரால் கோடு இழுத்து அகலப்படுத்த வேண்டும். தரை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ரெசின், ஹார்ட்னர், தூள் மூன்றையும் பாக்கெட்டில் சொன்ன விகிதத்தில் எடைபோட்டு, ஒரு தடவைக்குக் கால் பாக்கெட் அளவு மட்டும் கலக்குங்கள். சென்னை வெயிலில் முக்கால் மணி நேரத்துக்கு முன்பே இறுகிவிடும். டைல் மேல் படிந்ததை உடனே ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட வேண்டும், இறுகிவிட்டால் அந்தக் கறை அப்படியே நிற்கும். ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது. டாய்லெட் அடியிலும் வாஷ்பேசின் ஓரத்திலும் பூஞ்சை பிடிக்காத பாத்ரூம் சிலிகான் போடுங்கள். சாதா சிலிகான் மூன்று மாதத்தில் கறுக்கும். டாய்லெட் சீட், ஹெல்த் ஃபாசெட், ஷவர் முகம் மூன்றையும் புதிதாக மாற்றிவிடுங்கள், செலவு கம்மி, பார்வைக்குப் பளிச். கதவின் அடி அரித்திருந்தால் ஒரு அடி உயரத்துக்கு அலுமினியத் தகடு அடிக்கலாம், இல்லை பிவிசி கதவுக்கு மாறலாம்.

பூட்டிக் கிடக்கும் வீட்டில் வரும் சாக்கடை நாற்றத்துக்குக் காரணம் எளிது. தரை ட்ராப்பில் நிற்கும் தண்ணீர்தான் கீழே இருந்து வரும் வாயுவைத் தடுக்கிறது. சில வாரம் யாரும் குளிக்காவிட்டால் அது ஆவியாகி, நாற்றமும் கரப்பானும் நேராக மேலே வரும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு ட்ராப்பிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும். ரசகற்பூர உருண்டை, ரூம் ஸ்பிரே இவற்றால் வீட்டை நிரப்பாதீர்கள். எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணம்தான் வரும்.

சமையலறையில் மாடுலர் செய்தால் இருக்கிற பணம் அத்தனையும் அங்கேயே போய்விடும், வாங்குபவர் தன் ரசனைக்கு அதைப் பிரித்தும் எறிவார். மேடை கறுப்பு கிரானைட், கீழே கடப்பா கல் தட்டு என்ற பழைய அமைப்பு உறுதியானது. திறந்து கிடப்பதுதான் அதன் குறை. அலுமினியச் சட்டத்தில் ஷட்டர் போட்டு மூடினால் பாதி சமையலறை புதிதாகிவிடும். கடப்பா கல்லில் கீலை நேராகத் திருகக் கூடாது, கல் பிளக்கும். முதலில் சட்டத்தைச் சுவரிலும் மேடைக்கு அடியிலும் பிடித்து, கீல் சட்டத்தில் வர வேண்டும். சிங்க்கும் கிரானைட்டும் சேரும் இடத்தில் பழைய சிலிகானைச் சுரண்டிவிட்டுப் புதிதாக இழுங்கள். கரப்பான் ஜெல்லை ஆட்கள் வீடு பார்க்க வருவதற்கு இரண்டு வாரம் முன்பே வைத்துவிட வேண்டும். ஜெல் வைத்த பிறகு ஸ்பிரே அடித்தால் கரப்பான் ஜெல் பக்கமே வராது. பரணைக் காலி செய்யுங்கள், வருபவர் கட்டாயம் எட்டிப் பார்ப்பார்.

தரையில் விட்ரிஃபைட் டைல் இருந்தால் நல்ல கழுவல் போதும். மொசைக் என்றால் மிஷின் பாலிஷ் போடலாம், ஆனால் அந்தச் சேறு சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டைக்கு மேலும் தெறிக்கும். ஆகவே வேலைகளின் வரிசை முக்கியம்: பிளம்பிங், மின்சாரம், கொத்து வேலை, தரை பாலிஷ், தச்சு வேலை, பட்டியும் முதல் கோட்டும், அதன்பின் ஸ்விட்ச் பிளேட்டும் விளக்கும் மாட்டி, இரண்டாவது கோட், கடைசியில் கழுவல். வரிசை மாறினால் ஒரே சுவருக்கு இரண்டு தடவை கூலி கொடுப்பீர்கள். எல்லாம் ஒழுங்காகப் போனால் நான்கு வாரம். பூச்சு வேலை இருந்தால் ஆறு, ஏழு.

மின்சாரத்தில் ஒயரைத் தொட வேண்டியதில்லை, எலக்ட்ரீஷியன் சோதித்து நன்றாக இருக்கிறது என்றால். மஞ்சளடித்த ஸ்விட்சுகளையும் பிளேட்டுகளையும் மாற்றுங்கள். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லையென்றால் 30 மில்லி ஆம்பியரில் ஒன்று போடுங்கள். இருந்தால் அதன் டெஸ்ட் பட்டன் வேலை செய்கிறதா என்று பாருங்கள். வெளிச்சத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 12-க்கு 15 அடி ஹாலுக்கு 20 வாட் எல்இடி டியூப் லைட் இரண்டு, எதிரெதிர்ச் சுவரில். ஒன்று மட்டும் போட்டால் எதிர்ச்சுவர் இருண்டு அறை சுருங்கும். விளக்கொளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். கடையில் கேட்காமலே தருவது 6500 கெல்வின் நீலவெள்ளை. அதில் புதுப் பெயின்ட்டும் ஆஸ்பத்திரி போலத் தெரியும். ஹாலுக்கும் சமையலறைக்கும் 4000, படுக்கையறைக்கு 3000 கேட்டு வாங்குங்கள். ஒரே அறையில் இரண்டு நிறம் கலக்கக் கூடாது. ஃபேன் இறக்கையைத் துடைப்பதை மட்டும் மறக்கவே கூடாது.

சோஃபாவுக்கு வருகிறேன். வெறும் வீடு விற்காது என்பதில்லை. காலி அறையின் ஒரே சிக்கல், அதில் கட்டில் போட்டால் நடக்க இடம் இருக்குமா என்று பலருக்குக் கண்ணால் கணக்குப் போட வராது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் அளவுக்கு மட்டும் சாமான் போதும்: பெரிய படுக்கையறையில் ஒரு கட்டில், ஹாலில் மூன்று பேர் உட்காரும் சோஃபா ஒன்று, நாலு பேர் சாப்பாட்டு மேஜை. புதிதாக வாங்காதீர்கள். ஒரு மாதம், இரண்டு மாதத்துக்கு வாடகைக்குக் கிடைக்கும், உறவில் யாரிடமாவது இருக்கும். அளவுதான் கவனம். 10-க்கு 11 அடி அறையில் ஆறு அடி அகலக் கட்டில் போட்டால் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடிகூட மிஞ்சுவது கஷ்டம். ஐந்து அடிக் கட்டில் போட்டால் இரண்டரை அடி நடை கிடைக்கும். எல் வடிவ சோஃபா ஹாலின் பாதையை அடைக்கும். பழைய தேக்கு பீரோ, அழகாகவே இருந்தாலும், வெளியே போகட்டும்.

திரைச்சீலை சிறு செலவில் பெரிய மாற்றம் தரும், ஆனால் முக்கால்வாசிப் பேர் தப்பாக மாட்டுவார்கள். ராடு ஜன்னல் சட்டத்தின் மேலேயே இருக்கக் கூடாது. அரை அடி உயர்த்தி, இரண்டு பக்கமும் அரை அடி நீட்டி மாட்டினால் ஜன்னல் பெரிதாகத் தெரியும், திரையை ஒதுக்கும்போது கண்ணாடி முழுக்க வெளிச்சத்துக்குக் கிடைக்கும். ரெடிமேடில் 5, 7, 9 அடி நீளம் கிடைக்கும். ஜன்னலுக்கு மேல் போகும் லிண்டல் ஏழு அடியில் இருந்தால் ராடு ஏழரையில் வரும். 7 அடித் திரை தரையிலிருந்து அரை அடி தூக்கி நின்று, சின்னப் பையனுக்கு வளர்ந்த பிறகும் போட்ட கால்சட்டை மாதிரி இருக்கும். 9 அடி வாங்கி மடித்துத் தையுங்கள். நாலு அடி ஜன்னலுக்கு நாலு அடி அகலத்தில் இரண்டு திரை. கிழிந்த கொசுவலையை மாற்றுங்கள், அல்லது கழற்றியே விடுங்கள். செடி வைப்பதானால் மண் தொட்டியில் வையுங்கள். பாட்டில் தண்ணீரில் மணிப்ளான்ட் வைத்துப் பூட்டிவிட்டுப் போனால் டெங்குக் கொசுதான் வளரும்.

ஃபால்ஸ் சீலிங், வால்பேப்பர், சுவருக்கு பிவிசி பேனல் – இந்த மூன்றையும் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், செலவு மட்டும் காரணமில்லை. பழைய ஃபிளாட்டில் இவற்றைப் புதிதாகப் பார்த்ததும் விஷயம் தெரிந்தவர் கேட்கும் முதல் கேள்வி ‘பின்னாடி என்ன இருக்கு?’ என்பதுதான். காசு கொடுத்துச் சந்தேகத்தை வாங்குவானேன்? வாஸ்து பார்ப்பவர்களுக்காகச் சுவரை இடித்து மாற்றுவதும் அப்படித்தான். ஒருவருக்கு ஈசானியம் சரியாக இருந்தால் அடுத்தவர் வாசலில் குறை கண்டுபிடிப்பார்.

போட்டோவைக் காலையில் எடுங்கள், எல்லா விளக்கும் எரியட்டும். அறையின் மூலையில் நின்று, நாலடி உயரத்தில், போனைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். அகல லென்ஸில் எடுத்தால் சமையலறை மைதானம் போல வரும், நேரில் வந்தவர் ஏமாந்த முகத்தோடு போவார். பன்னிரண்டு படம் போதும். ஹாலில் ஆரம்பித்து, டாய்லெட் மூடியை மூடிவிட்டு.

மடிப்பாக்கம், வேளச்சேரிப் பக்கம் வீடு பார்க்க வருபவர்கள் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று கேட்காமல் போக மாட்டார்கள். வீடு இரண்டாம் மாடி, ஆனால் கார் கீழேதான் நிற்கும். உள்ளதைச் சொல்லுங்கள், மோட்டாரும் மீட்டர் போர்டும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று கூட்டிப்போய்க் காட்டுங்கள். மெட்ரோ தண்ணீர் இணைப்பு, பராமரிப்புக் கட்டணம் பாக்கியில்லை என்ற சங்கக் கடிதம், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, சொத்து வரி, குடிநீர் வரி ரசீதுகள், மின் கட்டண அட்டை எல்லாம் ஒரே ஃபைலில் ஹால் மேஜை மேல் இருக்கட்டும்.

ஆட்கள் வரும் நாளில் ஒரு மணி நேரம் முன்பே போய் ஜன்னல்களைத் திறந்து, மோட்டார் போட்டு, எல்லாக் குழாயையும் ஒரு நிமிஷம் ஓடவிடுங்கள். வாரக்கணக்கில் நின்ற இரும்புக் குழாயில் முதலில் பழுப்புத் தண்ணீர்தான் வரும், அது வருபவர் கண்முன் வரக்கூடாது.

செலவுக் கணக்கில் ஒரு விஷயம். பெயின்ட், ரிப்பேர், திரைச்சீலை, சாமான் வாடகை ஆகியவை பராமரிப்புச் செலவாகவே பார்க்கப்படும். மூலதன ஆதாய வரிக்கு (விற்ற லாபத்துக்குக் கட்டும் வரி) வீட்டின் அடக்க விலையோடு இவற்றைச் சேர்க்க முடியும் என்று எண்ணிச் செலவு செய்யாதீர்கள். முன்பு எப்போதாவது கிரில் போட்டது, தரை முழுக்க மாற்றியது போன்ற நிலையான மேம்பாடுகளுக்கு பில்லும் வங்கி வழியாகப் பணம் கொடுத்த பதிவும் இருந்தால் அவற்றைத் தேடி எடுத்து ஆடிட்டரிடம் கொடுங்கள். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால், குறியீட்டுச் சலுகை (விலைவாசிக்கு ஏற்ப அடக்க விலையை உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 சதவீதமா, சலுகையோடு 20 சதவீதமா என்று, இந்தியாவில் வசிப்பவராக இருந்தால், இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டு எது குறைவோ அதைக் கட்டலாம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் ஒரு சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார். கடைசி ரூபாய்வரை பேரம் பேசும்போது அதையும் மனதில் வைத்துப் பேசுங்கள்.